மேடை அரசனுக்கு ராஜ சின்னங்கள் செய்வது எப்படி?

ரங்கூன் கோயில் திருவிழாவில் நாடகம் போட்டால், ராஜா வேடக்காரர் கையில் உடனே ஒரு செங்கோலைக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். பாண்டியனுக்கு அது பொருந்தும். பர்மிய மன்னருக்குப் பொருந்தாது. அவருக்குரிய ஐந்து சின்னங்கள் வெண்குடை, மகுடம், வாள், கவரி (சாமரம்), பாதுகை. 1885-இல் பர்மாவின் கடைசி மன்னர் திபாவைச் சிறைப்பிடித்த பிறகு ஆங்கிலேயர் கொண்டுபோன இந்தச் சின்னங்கள் 1964-இல் திரும்பி வந்தன. ரங்கூன் பியே சாலை தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வேலையைத் தொடங்குமுன் அவசியம் பார்த்து வாருங்கள்.

முதலில் குடை. மன்னராட்சிக் காலப் பர்மாவில் வெண்குடை மன்னருக்கு, பொன்னிறக் குடை இளவரசர்க்கும் அமைச்சர்க்கும். பளபளப்புக்கு ஆசைப்பட்டுக் குடை முழுக்க ஜரிகைத் துணி போர்த்தினால், அரசர் அமைச்சராகிவிடுவார்.

24 அங்குலக் கம்பிகள் எட்டு உள்ள பழைய குடை ஒன்று போதும். துணியைப் பிரித்து, ஒரு துண்டை அளவுக்கு வைத்துக்கொண்டு, சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டு எட்டுத் துண்டு வெட்டுங்கள். 44 அங்குல அகலமுள்ள வெள்ளை மல் துணி 3 கெஜம் வாங்கினால் 6 அங்குலத் தொங்கலுக்கும் சேரும். வெட்டுமுன் நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே துணி சுருங்கி, குடை முழுதாக விரியாது. பாலியெஸ்டர் வேண்டாம், மேடை விளக்கில் நீலம் பூத்துத் தெரியும்.

கைப்பிடியை அறுத்துவிட்டு, தண்டின் அடி 6 அங்குலத்தை 6 அடி மூங்கிலுக்குள் செருகி, குறுக்கே ஆணி அடித்து முடுக்குங்கள். வெறும் கயிற்றுக் கட்டு என்றால் நடக்கும்போது குடை தலையாட்டும். தொங்கலின் விளிம்பு மகுடத்துக்கு மேல் ஒரு சாணாவது நிற்க வேண்டும். காவல், நிழல், ஆட்சி எல்லாம் அந்தக் குடைக்குள் அடக்கம். ஆகவே குடை பிடிப்பவர் அரசரைவிட்டு ஓரடியும் விலகக்கூடாது.

கவரிக்கு வெளுத்த கற்றாழை நார், 36 அங்குல நீளத்தில் ஒரு பிடி. நடுவில் மடித்து, 9 அங்குலக் கட்டையில் வெட்டிய பள்ளத்தில் செம்புக் கம்பியால் மூன்று சுற்று இறுக்குங்கள். பசை மட்டும் தடவினால் வீசும்போது நார் உதிரும். நைலான் நூல் உடையில் ஒட்டிக்கொள்ளும்.

பாதுகைதான் நம்மவர் அலட்சியமாக விடுவது. பரதன் அரியணையில் வைத்த பாதுகையை நமக்குத் தெரியும். இராமன் கதையின் பௌத்த வடிவமான தசரத ஜாதகத்திலும் பாதுகைதான் ஆள்கிறது: தீர்ப்பு பிசகினால் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், சரியானால் அசையாமல் கிடக்கும். மாந்தளை வெல்வெட் செருப்பு வாங்கி, விளிம்பில் ஜரிகை தைத்தால் அழகாக வரும். அடியில் சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டுங்கள்; பலகை மேடையில் வழுக்காது.

வாள் நீதிக்கும் தண்டனைக்கும். மென்மரத்தில் 30 அங்குலம், முனை மழுங்கலாக இருந்தால் போதும். மகுடத்தைப் புருவத்துக்கு இரு விரல் மேலே அளந்து, உள்ளே பஞ்சுப் பட்டை வைத்துத் தையுங்கள், குனிந்தாலும் விழாது.

நாடகம் முடிந்ததும் குடையை ஈரத்தோடு மடிக்காதீர்கள். ரங்கூன் மழைக்காலத்தில் இரண்டே நாளில் கரும்புள்ளி விழும். அது போகவே போகாது.