எண் அமைப்பைக் கதையாகச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரிலிருந்து காட்பாடிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் முதல் நிறுத்தத்தில் 3 பேர் ஏறினார்கள், அடுத்ததில் 6 பேர், அதற்கடுத்து 9 பேர். இப்படிக் கதை சொன்னால், தினமும் அந்த பஸ்ஸில் பள்ளிக்குப் போகிற பிள்ளை சும்மா இருக்குமா? "அது எப்படி மூணு மூணா கூடும்?" என்று கேட்கும். நியாயமான கேள்வி. அந்தக் கதையில் யாருக்கும் 3 தேவைப்படவில்லை. மூன்றாம் வாய்ப்பாட்டுக்குச் சட்டை மாட்டி பஸ்ஸில் ஏற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். நான் அதிகம் பார்க்கிற தவறு இது. எண்களை மாற்றிப் போட்டாலும் கதை அப்படியே நிற்கிறது என்றால், அது கணக்கைக் கற்றுத்தராது.

எண்கள் ஒரு ஒழுங்கில் வளர்வதைத்தான் இங்கே அமைப்பு என்கிறேன். அது தானாக முளைக்கிற இடம் நம் வாசலிலேயே இருக்கிறது. கார்த்திகை தீபத்தன்று சத்துவாச்சாரியில் ஒரு பாட்டி நேர்ப்புள்ளிக் கோலம் போட்டு, புள்ளிக்கு ஒரு அகல் வைக்கிறார் என்று தொடங்குங்கள். நடு வரிசையில் 3 புள்ளி, மேலே ஒன்று, கீழே ஒன்று. மொத்தம் 5 அகல். நடுவில் 5 வைத்தால் வரிசைகள் 1, 3, 5, 3, 1, மொத்தம் 13. நடுவில் 7 என்றால் 25. பேத்தி 9 புள்ளிக் கோலம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். வீட்டில் இருப்பது 40 அகல். போதுமா?

இந்த இடத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் "பாரு, 8 கூடுது, 12 கூடுது, அப்போ அடுத்தது 16" என்று நாமே சொல்லிவிடுவது இரண்டாவது தவறு. காத்திருந்தால் ஒரு பிள்ளை அதைக் கண்டுபிடித்து 41 என்று சொல்லும். ஒரே ஒரு அகல் குறைகிறது! இன்னொரு பிள்ளை கோலத்தைச் சாய்வாகப் பார்த்து, 13 என்பது 9-ம் 4-ம் (3×3 சதுரமும் அதனிடையே 2×2 சதுரமும்), 25 என்பது 16-ம் 9-ம், அதனால் அடுத்தது 25-ம் 16-ம் என்று வேறு வழியில் அதே 41-க்கு வரலாம். நாம் முந்திக்கொண்டால் இந்த இரண்டாவது வழி வெளியே வரவே வராது.

அடுத்தது, மூன்று எண்ணோடு நிறுத்திவிட்டு ஒரே விடையை எதிர்பார்ப்பது. 1, 2, 4. அடுத்து என்ன? 8 என்பது சரி. ஆனால் 1 கூட்டி, 2 கூட்டி, அடுத்து 3 கூட்டி 7 என்று சொல்கிற பிள்ளையும் சரியாகத்தான் யோசித்திருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்வது பெரிய அநியாயம். 8-தான் வேண்டுமென்றால் காரணத்தைக் கதைக்குள் வையுங்கள்: லாங் பஜாரில் ஒருவருக்கு ஒரு செய்தி தெரியும்; தெரிந்த ஒவ்வொருவரும் தினம் ஒரு புது ஆளிடம் சொல்கிறார். இப்போது 7-க்கு இடமில்லை.

சதுரங்கக் கட்டமும் அரிசியும் கதை எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒரு மணி, பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டிப்பாகி, 64 கட்டத்துக்கும் சேர்த்து 1,84,46,74,40,73,70,95,51,615 மணி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது வெறும் நீளமான எண். வாய் பிளக்கும், அமைப்பைப் பார்க்காது. 10-ஆவது கட்டத்தோடு நிறுத்துங்கள், அதில் 512. முதல் சில கட்டங்களைப் புளியங்கொட்டை வைத்தே நிரப்பலாம். அப்புறம் அதுவரை வைத்ததைக் கூட்டச் சொல்லுங்கள்: 1, 3, 7, 15. ஒவ்வொரு தடவையும் அடுத்த கட்டத்துக்கு வேண்டியதைவிட ஒன்று குறைவு. இதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

கடைசியாக, மேதைக் கதைகள். பின்னாளில் பெரிய கணித மேதையான ஜெர்மானியச் சிறுவன் காஸ் 1 முதல் 100 வரை சட்டென்று கூட்டி 5050 என்றான் என்று தொடங்கினால், இது அறிவாளிகளின் வேலை என்று பிள்ளை ஒதுங்கிவிடும். முதலில் 1 முதல் 10 வரை எழுதிக் கொடுங்கள். இரு முனைகளிலிருந்தும் ஜோடி சேர்த்து, ஐந்து 11 என்று பிள்ளை 55-ஐப் பிடிக்கட்டும். காஸ் பெயரை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.