நாள் திட்டத்தில் கொஞ்சம் காலி இடம் விடுங்கள்

நாளைய வேலைகளைப் பட்டியலிடும்போது, இருக்கும் நேரம் முழுவதையும் நிரப்பிவிடாதீர்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறோம். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1970-களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க சராசரியாக 34 நாட்கள் போதும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் 55 நாட்களுக்கு மேல் ஆனது. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. எல்லாம் நினைத்தபடியே நடக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே நேரம் ஒதுக்குமுன், இதேபோன்ற வேலை சென்ற முறை எவ்வளவு நேரம் எடுத்தது என்று பாருங்கள். மனக்கணக்கைவிட அதுவே நம்பத் தகுந்தது.

அடுத்தது இன்னும் முக்கியம் என்பேன். மருத்துவரைப் பார்க்கும் நேரம், கட்டணம் செலுத்தும் கடைசி நாள் போன்று நகர்த்த முடியாதவற்றைப் பேனாவால் எழுதுங்கள். மற்றவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். திடீரென்று ஏதாவது குறுக்கிட்டால் எதை ஒத்திப்போடுவது என்ற முடிவு அப்போது தயாராக இருக்கும். பதற்றத்தில் முடிவெடுத்தால் முதலில் பறிபோவது பெரும்பாலும் தூக்கமும் சாப்பாடும்தான். அது வேண்டவே வேண்டாம்.

முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய தடங்கலுக்கு மாற்று வழியையும் ஒரு வரியில் குறித்துவையுங்கள்: "மழை பெய்தால் நடைப்பயிற்சிக்குப் பதில் வீட்டிலேயே உடற்பயிற்சி."

முடியாத பென்சில் வேலைகளை இரவில் மறுநாளுக்கு மாற்றுங்கள். ஒரே வேலை மூன்றாவது முறையும் தள்ளிப்போனால், அதை அழித்துவிடுங்கள், அல்லது பேனாவால் எழுதிவிடுங்கள்.