ஒன்பது ரயில் நிலையங்களை நாலு கொத்தாகப் பாடமாக்குவது எப்படி?

யாழ்ப்பாணம், கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை. பாதை தெரியாத ஒருவருக்கு இதை ஒரே மூச்சில் சொன்னால் ஐந்தாவது பெயரிலேயே தடுமாறுவார். அது மந்தபுத்தி அல்ல. மனம் புதிதாக ஒரே நேரத்தில் ஏந்தக்கூடியது ஏழளவு என்று உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். 2001இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதை ஏறத்தாழ நாலாகக் குறைத்தார். ஆனால் எண்ணப்படுவது பெயர்கள் அல்ல, ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கும் கொத்துகள்.

படி 1: வெட்டும் இடத்தைத் தேடுங்கள்

பெயர்களைக் கொப்பியில் எழுதி, வாய்விட்டு வாசியுங்கள். மூன்று ‘வில்’, இரண்டு ‘ஆகம்’ காதில் விழும். ஆகவே 1, 3, 2, 3 என்று கோடு போடுங்கள். மூன்று மூன்றாக வெட்டினால் பார்க்க அழகுதான், ஆனால் இணுவில் தன் கூட்டாளிகளை விட்டுப் பிரிந்துவிடும். கொத்துக்குள் ஏதாவது உறவு இருந்தால்தான் முதல் பெயர் மற்றதை இழுத்து வரும்.

படி 2: கொத்துக்கு ஒரு மூச்சு

ஒவ்வொரு கொத்தையும் ஒரே மூச்சில் ஐந்து தரம் சொல்லுங்கள். கொத்துகளுக்கு நடுவில் மட்டும் நிறுத்துங்கள். நடுக்கொத்தில் மூச்சு வாங்கினால் பிழையான இடத்தில் வெட்டு விழும், பிறகு அதை மாற்றுவது பெரும் பாடு.

படி 3: ஓசைப் பொறி

இங்கேதான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். ஒத்த ஓசை பெயரை நினைவூட்டும், வரிசையைக் குழப்பும். ‘கோண்டாவில், கொக்குவில்’ என்று மாறி வரும். குறில் முன்னே, நெடில் பின்னே: கொ, கோ. மிஞ்சியது இணுவில்.

படி 4: மூட்டுகள்

கொத்து இறுகியதும், கொத்தும் கொத்தும் சேரும் மூட்டு தளரும். ‘இணுவில்–சுன்னாகம்’, ‘மல்லாகம்–தெல்லிப்பழை’ என்ற சோடிகளைத் தனியாகப் பத்துத் தரம் சொல்லுங்கள்.

படி 5: மூடிவைத்துச் சோதனை

பத்து நிமிடம் கழித்து, இரவில், மறுநாள் காலையில் கொப்பியைப் பார்க்காமல் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பது தெரிந்தமாதிரி ஒரு மயக்கத்தைத்தான் தரும். தடங்கினால் முழுவதையும் தொடங்க வேண்டாம், அந்த மூட்டை மட்டும் பழகுங்கள். கடைசியாக, மல்லாகத்துக்கு முந்திய நிலையம் எது என்று யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து எண்ணிக்கொண்டு வராமல் ‘ஆகம்’ கொத்துக்குள் நேரே இறங்கினால் கொத்து பிடித்துவிட்டது.