ஃபெஷன் சந்தைப்படுத்தல் முதுமாணி: கொழும்பிலிருந்து விண்ணப்பிப்போர் நோக்க அறிக்கையை எழுதுவது எப்படி?

ஃபெஷன் சந்தைப்படுத்தலில் முதுமாணிப் பட்டம் பெற விரும்புவோர் பலர் கட்டணத்தை முதலில் பார்க்கிறார்கள். பாடப் பட்டியலைப் பார்ப்பதே முதல் வேலை என்பேன். இக்கற்கைநெறியின் மையம் ஆடை வடிவமைப்பு அல்ல. ஓர் ஆடையை யார், எந்த விலைக்கு, எங்கே, எதற்காக வாங்குகிறார் என்ற கேள்வியைச் சுற்றியே நுகர்வோர் நடத்தை, வர்த்தகநாம முகாமைத்துவம், சில்லறை வணிகம், ஆய்வு முறையியல் முதலிய பாடங்கள் அமைகின்றன.

படி 1: கற்கைநெறியைத் தெரிவு செய்தல்

மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகமும் இத்துறையில் முதுமாணி கற்பித்து வந்துள்ளன. பிரித்தானியாவில் முழுநேர முதுமாணி பெரும்பாலும் ஓராண்டில் முடியும். மொத்தம் 180 கிரெடிட்டுகளில் (பாடச்சுமையை அளக்கும் அலகு) ஏறத்தாழ 60 ஆய்வேட்டுக்குரியவை. ஆகவே எதை ஆராயப் போகிறோம் என்பதை விண்ணப்பிக்கும்போதே ஓரளவு தெரிந்து வைத்திருப்பது நல்லது.

படி 2: ஒரு கடையில் நின்று பார்த்தல்

நோக்க அறிக்கை என்பது, இக்கற்கைநெறியை ஏன் படிக்க விரும்புகிறோம் என்று விண்ணப்பத்துடன் எழுதிக் கொடுப்பது. அதற்கான என் முதல் வரைவு ‘சிறுவயது முதலே எனக்கு உடைகளில் ஆர்வம்’ என்று தொடங்கியது. அந்த வரியை யாரும் எழுதலாம் என்பது உறைத்ததும் அதைக் கிழித்துவிட்டு, வெள்ளவத்தையில் காலி வீதியிலுள்ள ஒரு புடவைக்கடைக்குப் போய், முதலாளியிடம் அனுமதி கேட்டு, ஒரு சனிக்கிழமை மாலை முழுவதும் ஓரமாக நின்றேன்.

ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் சேலையின் கரையை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, மறுபக்கத்தைத் திருப்பி நூலைக் கவனித்தார். மகளோ அதைப் படமெடுத்து, ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நான் விலை கேட்டதற்கு விற்பனையாளர், “தங்கச்சி, அங்கயிருந்து மறுமொழி வரட்டும், விலையைப் பிறகு பேசுவம்” என்றார். உடுத்துபவர் ஒருவர், தரம் பார்ப்பவர் இன்னொருவர், முடிவு சொல்பவரோ கடைக்குள்ளேயே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மையை நிறுத்தி அலங்கரிப்பதற்கு அந்தக் கடை செலவழித்த பணம் யாருக்காக என்ற கேள்வி அங்கேதான் எனக்குள் எழுந்தது.

நீங்களும் இரண்டு மணி நேரமாவது நில்லுங்கள். எத்தனை பேர் படமெடுக்கிறார்கள், விலையை எந்தக் கட்டத்தில் கேட்கிறார்கள், வாங்காமல் போனவர் எதைப் பார்த்துத் தயங்கினார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம்.

படி 3: எழுதுதல்

கண்ட காட்சியை நான்கைந்து வரிகளில் முதற்பந்தியாக வையுங்கள். அதிலிருந்து எழும் கேள்விக்கு, நீங்கள் தெரிவு செய்த கற்கைநெறியின் எந்தப் பாடம் விடைதேட உதவும் என்பதை அப்பாடத்தின் பெயரைச் சுட்டியே அடுத்த பந்தியில் எழுதுங்கள். பட்டமும் தொழில் அனுபவமும் அதன் பிறகு வரட்டும். ஆடைத் தொழிற்சாலையில் மேர்ச்சன்டைசராக (கொள்வனவாளரின் ஓடர்களைக் கவனிப்பவராக) இருந்தவர், வெளிநாட்டுக் கொள்வனவாளர் ஒரு மாதிரியை ஏன் திருப்பி அனுப்பினார் என்ற ஒரேயொரு சம்பவத்தைச் சொன்னால் போதும்.

படி 4: ஆவணங்கள்

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் பெறுபேறு இரண்டாண்டுகளுக்குச் செல்லுபடியாகும். பிரித்தானிய மாணவர் வீசாவுக்குக் காட்டும் பணம் வங்கிக் கணக்கில் தொடர்ச்சியாக 28 நாட்கள் இருந்திருக்க வேண்டும். இலங்கையிலிருந்து செல்வோர் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் பெற வேண்டும். பரிந்துரைக் கடிதம் தரும் விரிவுரையாளரிடம் வெறுங்கையோடு போகாமல், எழுதி முடித்த நோக்க அறிக்கையையும் கொடுங்கள். அவர் கடிதமும் அதே கேள்வியைத் தொட்டு எழுதப்படும்.