ஜிப்லைன் கேனோபி டூர்: கப்பல் பயணிகள் உடம்பு விஷயத்தில் போடும் தப்புக் கணக்குகள்

கப்பல் சுற்றுலாவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி ஜிப்லைன் (உயரத்தில் கட்டிய கேபிளில் தொங்கியபடி சறுக்கிப் போவது) போகலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "ரொம்ப உயரமா, பயமா இருக்குமா?" என்பதுதான். கேட்க வேண்டியது அது இல்லை. எத்தனை படி ஏற வேண்டும், பிரேக் போடுவது நானா கைடா, நடுவில் முடியவில்லை என்றால் வெளியே வர வழி உண்டா, இந்த மூன்றையும்தான் கேட்க வேண்டும். பயம் பலருக்கு முதல் இரண்டு கேபிள்களோடு போய்விடுகிறது. மூச்சு வாங்குவது அப்படிப் போகாது, நேரம் ஆக ஆகக் கூடத்தான் செய்யும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பத்து கேபிள் இருக்கிற டூர் என்றால்கூட ஒவ்வொன்றிலும் பறப்பது அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். மொத்தமாகப் பத்து நிமிடத்தைத் தாண்டாது. ஆனால் டூர் இரண்டு, மூன்று மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் என்ன நடக்கிறது? வேர் புடைத்த சரிவுப் பாதையில் நடக்கிறீர்கள், மரத்தைச் சுற்றிப் போகும் படிக்கட்டில் ஏறுகிறீர்கள், ஆடும் தொங்குபாலத்தைக் கடக்கிறீர்கள், உட்கார இடமே இல்லாத குறுகிய மேடையில் குழுவில் எல்லோரும் வந்து சேரும்வரை நின்றுகொண்டே இருக்கிறீர்கள். இடுப்பிலும் தொடையிலும் ஹார்னஸ் என்கிற பாதுகாப்புப் பட்டை, தலையில் ஹெல்மெட், பல இடங்களில் கேபிளில் ஓடுகிற சக்கரக் கருவியான டிராலியையும் நீங்களேதான் சுமக்க வேண்டும். விளம்பரப் படத்தில் வருவது அந்தப் பத்து நிமிடம் மட்டும்.

எல்லா ஜிப்லைனும் ஒன்றுதான் என்று நினைப்பது அடுத்த தவறு. ராயல் கரீபியனின் ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் 9 தள உயரத்தில் 82 அடி நீளத்துக்கு ஒரு ஜிப்லைன் உண்டு. சில விநாடியில் முடிந்துவிடும், உடம்புக்கு ஒரு வேலையும் கிடையாது. அலாஸ்காவில் ஹூனா ஊரை ஒட்டிய ஐசி ஸ்ட்ரெய்ட் பாயிண்டில் இருப்பது இதற்கு நேர் எதிர்: சுமார் 1.6 கிலோமீட்டர் நீளம், 1,300 அடி இறக்கம், மணிக்குக் கிட்டத்தட்ட 95 கிலோமீட்டர் வேகம். கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் அது இருக்கையில் உட்கார்ந்தபடி ஒரே ஓட்டமாக இறங்குவது, ஒன்றரை நிமிடம், பிரேக்கும் அதுவாகவே பிடிக்கும். உடல் உழைப்பு என்று பார்த்தால் மிகச் சுலபமான வகை அதுதான். கேனோபி டூர் என்பது மரத்துக்கு மரம் தாவி, நடந்து, ஏறி ஒரு சுற்று முடிப்பது. 1970-களில் கோஸ்டா ரிகாவின் மழைக்காடுகளில் உயிரியலாளர்கள் மர உச்சியை ஆராயக் கயிறு கட்டி ஏறினார்கள், 1990-களில் மான்டெவெர்டே பகுதியில் அது சுற்றுலாவாக மாறியது, அங்கிருந்து கரீபியன், மெக்சிகோ, அலாஸ்கா என்று பரவியது. கப்பல் மேல்தளத்தில் 82 அடி போனதை வைத்து "நமக்கு இது சரிப்பட்டு வரும்" என்று முடிவு செய்துவிட்டுக் காட்டுக்குள் போகிறவர்கள்தான் மூன்றாவது மேடையில் கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள்.

கப்பல் நிறுவனம் போடுகிற "மிதமானது", "கடினமானது" என்ற குறியீட்டை மட்டும் பார்த்து முன்பதிவு செய்யாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் மேல்வரை வண்டியில் கொண்டுபோய் விடுகிற டூரும் இருக்கும், ஈரமான சரிவில் இருபது நிமிடம் நடந்தே ஏறவைக்கிற டூரும் இருக்கும். கீழே பொடி எழுத்தில் படிகளின் எண்ணிக்கை, நடக்கும் தூரம், கரடுமுரடான பாதை, கடைசியில் கயிற்றில் இறங்கும் பகுதி என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அதைத்தான் படிக்க வேண்டும். போட்டிருக்கவில்லை என்றால் கப்பலின் டூர் மேசையில் கேளுங்கள். அவர்களுக்கே தெரியவில்லை என்றால் டூர் நடத்துபவருக்கு நேரடியாக எழுதிக் கேட்பது உத்தமம்.

அப்புறம் இந்த வெளியேறும் வழி. "நாலு கேபிள் போய்ப் பார்ப்போம், முடியலைன்னா இறங்கிடலாம்" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். பல இடங்களில் அது நடக்காது. முதல் கேபிளைத் தாண்டிவிட்டால் நீங்கள் நிற்பது பள்ளத்தாக்கின் மறுகரையில். அங்கிருந்து வெளியே வர மிச்சமுள்ள கேபிள்கள்தான் பாதை. சில டூர்களில் நடுவில் ஓரிரு இடத்தில் தரையைத் தொட்டு நடந்து வெளியேறும் வசதி இருக்கும். எந்த மேடைவரை திரும்ப முடியும் என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைடுகள் இதைக் கேட்பவர்களைக் கேலி செய்வதில்லை, உள்ளே போய்த் திணறுகிறவரைக் கூட்டி வருவதைவிட அவர்களுக்கு இது எவ்வளவோ மேல்.

பிரேக் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் உழைப்பின் பெரும் பகுதி இதில்தான் ஒளிந்திருக்கிறது. சில டூர்களில் மறுமுனையில் கைடோ ஸ்பிரிங்கோ உங்களை நிறுத்தும், நீங்கள் காலைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தால் போதும். வேறு சிலவற்றில் தடித்த தோல் கையுறை கொடுத்து, கேபிளைக் கையால் அழுத்தி வேகத்தைக் குறைக்கச் சொல்வார்கள். கை எப்போதும் டிராலிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். முன்னால் வைத்தால் ஓடுகிற சக்கரம் விரலில் ஏறிவிடும். இதைப் பயிற்சியின்போது எல்லோரும் தலையாட்டிக் கேட்கிறார்கள், வேகம் வந்ததும் கை தன்னாலே முன்னே போய்க் கேபிளைப் பிடிக்கப் பார்க்கிறது. பயிற்சி கேபிளில் இரண்டாவது தடவை கேட்டால் விடுவார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

இன்னொரு பக்கம், பயத்தில் சீக்கிரமே அழுத்திவிட்டால் மேடைக்கு வருவதற்கு முன்பே அந்தரத்தில் நின்றுவிடுவீர்கள். எடை குறைவானவர்களும் எதிர்க்காற்றில் இப்படி நின்றுபோவதுண்டு. அப்போது முதுகை மேடைப் பக்கம் திருப்பி, தலைக்கு மேலே இருக்கும் கேபிளைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துத் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போக வேண்டும். கிணற்றில் தண்ணீர் சேந்துகிற அதே அசைவுதான், ஆனால் இங்கே வாளியில் இருப்பது நீங்கள். பதினைந்து அடி இழுத்தாலே முன்கை எரியும். முடியவில்லை என்றால் சும்மா தொங்கியபடி காத்திருங்கள், கைடு வந்து இழுத்துப் போவார், அது அவர் வேலை. ஆனால் ஐந்தாறு கேபிளில் இப்படியே ஆனால் உங்கள் கையும் ஓய்ந்துவிடும், பின்னால் நிற்கும் குழுவின் பொறுமையும் ஓய்ந்துவிடும். தோள்பட்டை முன்பு இடம் விலகியவர்கள், மணிக்கட்டில் பிரச்சினை உள்ளவர்கள் கையால் பிரேக் போடும் டூரைத் தவிர்ப்பதே நல்லது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

எடையைக் குறைத்துச் சொல்வது ரொம்பச் சாதாரணமாக நடக்கிற தவறு. மேல் வரம்பு பெரும்பாலும் 110-லிருந்து 125 கிலோவுக்குள், கீழ் வரம்பு 25-லிருந்து 40 கிலோவுக்குள், இடத்துக்கு இடம் மாறும். பல இடங்களில் எல்லோரையும் எடை மிஷினில் ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். மேலே போனால் அனுமதி இல்லை, பணமும் பெரும்பாலும் திரும்பாது. இது உங்களை அவமானப்படுத்த வைத்த விதி இல்லை. எடை கூடினால் வேகம் கூடும், பிரேக் தூரமும் கூடும். வரம்புக்குள் இருந்தாலும் இடுப்புச் சுற்றளவும் தொடைச் சுற்றளவும் ஹார்னஸில் அடங்க வேண்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பல் பயணிகளுக்கென்றே உள்ள சிக்கல்கள் வேறு. காலையில் பஃபேயில் நிறையச் சாப்பிட்டுவிட்டு நேராகப் போய் வயிற்றைச் சுற்றி ஹார்னஸை இறுக்கினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. முந்தின இரவு பார் மூடும்வரை குடித்துவிட்டு வந்தால் அந்த உடம்பில் தண்ணீரே இருக்காது. போதை தெளியாமல் வருகிறவரைத் திருப்பி அனுப்பக் கைடுகளுக்கு உரிமை உண்டு.

இதைவிடக் கவனிக்க வேண்டியது கடல் குமட்டலுக்குப் போடுகிற மருந்து. மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும், கவனத்தை மங்கவைக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபலமின் பட்டை வியர்வையைக் குறைக்கக்கூடியது, உடல் சூட்டை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடலாம் என்று 2025-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது, குறிப்பாகக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும். ஹோண்டுராஸ் நாட்டின் ரோவாட்டன் மாதிரித் தீவில் 30 டிகிரியைத் தாண்டிய புழுக்கத்தில், ஹெல்மெட்டோடு மேடு ஏறும் நாளில் வியர்க்காத உடம்பு நல்ல செய்தி இல்லை. மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், கப்பல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். தண்ணீரை டூருக்கு முன்பே குடித்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் பை கொண்டுபோக விடமாட்டார்கள். நடுவில் கழிப்பறையும் கிடையாது, அதனால் கிளம்பும் முன் அந்த வேலையை முடித்துவிடுவது.

உடை பற்றிச் சுருக்கமாக: குட்டை ஷார்ட்ஸ் போட்டால் தொடையில் ஹார்னஸ் பட்டை உரசிப் புண்ணாகும், செருப்புக்கு அனுமதி இல்லை, முன்பக்கம் மூடிய இறுக்கமான ஷூ வேண்டும். நீளமான முடி என்றால் கட்டிக்கொள்ளுங்கள், கண்ணாடிக்குக் கயிறு போடுங்கள். அலாஸ்காவின் கெட்சிகன் போன்ற ஊரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அங்கே மழைக்காகவெல்லாம் டூர் நிற்காது. ஈரமான படியும் பலகையும் வழுக்கும்.

மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் போட்டுக் கையெழுத்து போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கர்ப்பம், இதயப் பிரச்சினை, சமீபத்திய அறுவை சிகிச்சை, கழுத்து முதுகுத் தொந்தரவு, இவையெல்லாம் சும்மா போட்ட பட்டியல் இல்லை. சாய்ந்த நிலையில் ஹெல்மெட் போட்ட தலையைத் தூக்கிப் பிடிப்பதும், ஒவ்வொரு முறை மேடையில் வந்து இறங்கும்போது விழும் குலுக்கலும் கழுத்தும் முதுகும் தாங்க வேண்டியவை. பயணக் காப்பீடு ஜிப்லைனை ஏற்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள், சில பாலிசிகள் சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவிடும்.

வயது ஒரு தடையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுபதைத் தாண்டியவர்கள் சிரித்துக்கொண்டே முடிக்கிறார்கள், முப்பது வயதுக்காரர் பாதியில் வெளிறிப் போகிறார். சோதித்துப் பார்க்கக் கப்பலே போதும். லிஃப்டை விட்டுவிட்டு 4-ஆம் தளத்திலிருந்து 11-ஆம் தளம் வரை படியில் நிற்காமல் ஏறுங்கள், பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. பேசிக்கொண்டே ஏற முடிந்தால் சாதாரண கேனோபி டூர் உங்களுக்கு ஒன்றும் செய்யாது. இரண்டாவது தடவையில் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏற வேண்டியிருந்தால் இருக்கையில் உட்கார்ந்து போகும் வகைக்கு மாறிக்கொள்ளுங்கள். மார்பில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் ஜிப்லைனை மறந்துவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

இந்தச் சோதனையைப் பயணத்தின் முதல் நாளிலேயே செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் கப்பல் வழியாகப் பதிவு செய்த டூரைப் பணம் போகாமல் ரத்து செய்ய ஒன்றிரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டியிருக்கும். வெளியாரிடம் தனியாகப் பதிவு செய்தவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்: குழு மெதுவாகப் போய் நேரமாகிவிட்டால் கப்பல் தன் டூர் பேருந்துக்குக் காத்திருக்கும், உங்கள் டாக்சிக்குக் காத்திருக்காது. கப்பல் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் சில துறைமுகங்களில் ஒரு மணி நேரம் வித்தியாசப்படும், கையில் கட்டியிருப்பது எது காட்டுகிறது என்று இறங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.