வெளிநாட்டு வேலைக்கு எண்டு காசு கேட்டா, குடுக்க முதல் இதுகளைப் பாருங்கோ

"கனடாவில வேலை, இங்கிலீஷ் சோதினை தேவையில்லை, இண்டைக்கு அட்வான்ஸ் கட்டினா சீட் உறுதி" எண்டு மெசேஜ் வராத போன் இப்ப யாழ்ப்பாணத்தில இல்லை எண்டே சொல்லலாம். காணியை ஈடு வைச்சு, தாலிக்கொடியை வித்துக் குடுக்கிற காசு போனா திரும்ப எடுக்கிறது சரியான கஷ்டம். அதால பாக்கிறதை எல்லாம் காசு குடுக்க முதல் பாருங்கோ.

முதல் வேலை, லைசன்ஸ். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சிக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ட லைசன்ஸ் இருக்கோணும், இது 1985ஆம் ஆண்டுச் சட்டம். பணியகத்தின்ட வெப்சைட்டில லிஸ்ட் கிடக்கு, பேரையும் நம்பரையும் நீங்களே தேடுங்கோ, இல்லாட்டி 1989க்கு அடிச்சுக் கேளுங்கோ. ஏஜென்சிக்காரர் வட்ஸ்அப்பில அனுப்புற லைசன்ஸ் போட்டோ காலம் முடிஞ்சதாவும் இருக்கலாம், வேற ஆக்களின்டயாவும் இருக்கலாம்.

லைசன்ஸ் மட்டும் காணாது, நீங்கள் போற அந்த வேலைக்கும் பணியகத்தின்ட அனுமதி இருக்கோணும், கனபேர் சறுக்கிறது இதிலதான். ஊருக்குள்ள "நான் கொழும்பு ஏஜென்சின்ட ஆள்" எண்டு ஒருத்தர் வந்தா, சொந்தக்காரராவே இருந்தாலும் பரவாயில்லை, லிஸ்ட்டில இருக்கிற நம்பருக்கு நேர எடுத்து இவர் உங்கட ஆளோ, இந்த வேலை இருக்கோ எண்டு கேளுங்கோ. அவர் தாற நம்பருக்கு எடுத்தா அவரின்ட கூட்டாளிதான் கதைப்பார்.

அடுத்தது அந்த நாட்டின்ட சட்டம். கனடாவுக்கு "எல்எம்ஐஏ எடுத்துத் தாறம், இவ்வளவு லட்சம்" எண்டு கேப்பினம். எல்எம்ஐஏ எண்டது வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க அங்கத்தை முதலாளி கனடா அரசாங்கத்திட்ட எடுக்கிற அனுமதி. அந்த விண்ணப்பத்துக்கு 1000 கனடா டொலர் கட்டவேண்டியது முதலாளி, அதைத் தொழிலாளியிட்ட அறவிடுறது அங்க சட்டத்துக்கு மாறு. லண்டன் கெயார் வேலை, அதாவது வயசானவை, ஏலாதவையைப் பராமரிக்கிற வேலை எண்டும் இன்னும் விக்கினம், ஆனா வெளிநாட்டில இருந்து புதுசா கெயார் வேலைக்கு ஆள் எடுக்கிறதை பிரித்தானியா 2025 யூலை 22ஓட நிப்பாட்டிட்டுது. அதுக்கு ஸ்பொன்சர்ஷிப் தாறம் எண்டு இப்ப காசு கேக்கிறவரோட கதைக்கவே தேவையில்லை.

ஒஃபர் லெட்டர் வந்தா லோகோவையும் சீலையும் பாத்து மயங்காதேங்கோ, அதை ஆரும் போனிலயே செய்யலாம். ஈமெயில் அட்ரஸை ஒவ்வொரு எழுத்தா வாசியுங்கோ. பெரிய ஹொஸ்பிட்டல் எண்டு சொல்லிக்கொண்டு ஜீமெயிலில இருந்து எழுதினா, இல்லாட்டி கொம்பனிப் பேரில ஒரு எழுத்து கூடிக் குறைஞ்சிருந்தா அது கள்ளம். இன்டர்வியூ இல்லாம, மெசேஜில நாலு கேள்வி கேட்டுட்டு வேலை தந்தாலும் அப்பிடித்தான்.

விசிட் விசாவில போங்கோ, அங்க போய் மாத்தலாம் எண்டா ஓமெண்டாதேங்கோ. தாய்லாந்தில கொம்பியூட்டர் வேலை எண்டு நம்பிப் போன எங்கட நாட்டுப் பெடியளை மியன்மார் முகாம்களில அடைச்சு வைச்சு, மற்ற ஆக்களை ஏமாத்துற வேலையை அடிச்சுச் செய்விச்சவை. இந்த ஒண்டை மட்டும் எண்டாலும் வீட்டில இருக்கிற பிள்ளையளுக்குச் சொல்லி வையுங்கோ. பாஸ்போட்டையும் ஏஜென்டிட்ட குடுத்துட்டு மாதக்கணக்கில விடவேண்டாம்.

வீட்டில இருந்து வேலை எண்டு டெலிகிராமில வாறது வேற வழி. வீடியோவுக்கு லைக் போடச் சொல்லி முதல்ல சின்னக் காசு உண்மையாவே போடுவினம், நம்பிக்கை வந்த பிறகு "டெபாசிட் கட்டினா கூட வரும்" எண்டுவினம், கட்டினா கணக்கில லாபம் காட்டும், எடுக்கப் போனா வரி கட்டு எண்டு இன்னும் கேக்கும். வேலைக்குச் சேர உங்களைக் காசு கட்டச் சொன்னா அந்த இடத்திலயே நிப்பாட்டுங்கோ. உங்கட பாங்க் எக்கவுண்டைப் பாவிக்கக் கேட்டா குடுக்கவே வேண்டாம், அதுக்குள்ளால களவுக்காசு போனா பொலிஸ் தேடி வாறது உங்களைத்தான்.

காசு குடுத்திட்டீங்களெண்டா வெக்கப்பட்டு மறைக்காதேங்கோ, ஏமாத்தினவைதான் வெக்கப்படோணும். மெசேஜ் ஒண்டையும் அழிக்காம ஸ்க்ரீன்ஷொட் எடுங்கோ, பாங்க் ஸ்லிப், போன் நம்பர், எக்கவுண்ட் நம்பர் எல்லாத்தையும் ஒரு ஃபைலில போடுங்கோ. அண்டைக்கே பாங்குக்குச் சொல்லுங்கோ, பிறகு பொலிசில முறைப்பாடு, வெளிநாட்டு வேலை எண்டா பணியகத்திலயும் ஒண்டு. "கேஸ் போடாதேங்கோ, அடுத்த கிழமை காசு தாறன்" எண்டு ஏமாத்தினவர் திரும்பி எடுத்தாலும் முறைப்பாட்டைப் போட்டிட்டே கதையுங்கோ.