ஒரு மேசை, ஏழு நடிகர்கள்: ‘டாண்டனின் மரணம்’ மேடையேற்ற

ஜெர்மன் எழுத்தாளர் கியோர்க் பியூக்னர் 21 வயதில், 1835-இல் எழுதிய நாடகம் இது. பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களில் ஒருவனான டாண்டன், பழைய தோழர் ரோபஸ்பியரின் கையில் வீழும் கதை. அது 1794 மார்ச் கடைசியில் பாரிஸில் தொடங்கி, ஏப்ரல் 5-இல் தலைவெட்டும் கருவியான கில்லட்டினில் முடிகிறது. நான்கு அங்கம், 32 காட்சி, முப்பதுக்கும் மேற்பட்ட பேசும் பாத்திரங்கள். முதன்முதலாக மேடை கண்டதே 1902-இல், பெர்லினில். ஆனாலும் சின்னக் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான அரசியல் நாடகம் அரிது. இதில் ஆளைக் கொல்வது பேச்சுதான். ‘உங்கள் சொற்களைப் பின்தொடர்ந்து போங்கள், அவை உடலெடுத்து நிற்கும் இடம் வரைக்கும்’ என்ற பொருளில் மூன்றாம் அங்கத்தில் ஒரு கைதி பேசுகிறான். அந்த வரி தெளிவாகக் காதில் விழுந்தால் கில்லட்டின் செய்யத் தச்சர் வேண்டாம்.

முதலில் பிரதியை வெட்டுங்கள். 95 நிமிடத்துக்கு 19 காட்சிகள் போதும். முதல் அங்கத்தில் 1, 2, 3, 5, 6. இரண்டில் 3, 5, 6, 7. மூன்றில் 1, 4, 6, 9, 10. நான்கில் 3, 5, 6, 7, பிறகு 8-ஐயும் 9-ஐயும் சேர்த்து ஒன்று. மேலே சொன்ன கைதியின் வரியை பாரிஸின் லக்ஸம்பர்க் சிறையில் நடக்கும் மூன்றாம் அங்க முதல் காட்சியின் முடிவுக்கு நகர்த்திவிடலாம். சிறைச் சதி பற்றிய காட்சி போய்விடுவதால், அந்தச் செய்தியை மூன்றாம் அங்கம் ஆறாம் காட்சியில் ரோபஸ்பியரின் கூட்டாளி சேன் ஜூஸ்ட் வாயில் இரண்டு வாக்கியமாகப் போடுங்கள். இல்லையென்றால் விசாரணை ஏன் அவசரமாக முடிக்கப்படுகிறது என்று பார்ப்பவருக்குப் புரியாது.

டாண்டன், அவன் மனைவி ஜூலி, நண்பன் காமில் ஆகியோருக்குத் தனித்தனி நடிகர்கள். காமிலின் மனைவி லூசிலாக வருபவரே விலைமாது மரியோனும் சிமோனின் மனைவியும். ரோபஸ்பியர் இரண்டாம் அங்கத்தோடு மறைந்துவிடுகிறார்; அவர் நடிகர் அடுத்து நீதிமன்றத் தலைவராக வரட்டும். சேன் ஜூஸ்ட்டாக நடிப்பவருக்கு அரசு வழக்கறிஞர் ஃபூக்கியே. குடிகார சிமோனை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். சிமோன் கைது செய்ய வரும் காட்சி முடிந்த கையோடு சேன் ஜூஸ்ட்டின் நீண்ட உரை வருகிறது. குழறிய தொண்டை அந்தப் பனிக்கட்டிக் குரலுக்கு உடனே திரும்பாது. சிமோன், டாண்டனின் தோழன் லாக்ருவாவாக நடிப்பவருக்குப் போகட்டும். டாண்டனோடு கைதாகும் எரோ, ஃபிலிப்போ இருவரின் வரிகளையும் லாக்ருவாவுக்கும் காமிலுக்கும் பிரித்துக் கொடுங்கள்.

மேடை 6 மீட்டருக்கு 5 மீட்டர். நடுவில் 180 செ.மீ. நீளம், 75 செ.மீ. உயரத்தில் ஒரு மர மேசை, ஆறு நாற்காலி. சீட்டாட்ட மேசை, ரோபஸ்பியரின் புரட்சிச் சங்கமான ஜாக்கோபின் மன்றத்தின் பேச்சு மேடை, நீதிமன்றம், கில்லட்டின் மேடை எல்லாம் அதே மேசைதான். இரண்டு பேர் ஏறி நிற்பதால் கால்களுக்கிடையே குறுக்குச் சட்டம் கட்டாயம். மடக்கு மேசை ஆடும், நடிகர் கவனமெல்லாம் பாதத்துக்குப் போய்விடும். காட்சிக்குக் காட்சி விளக்கை அணைக்காதீர்கள். எட்டு நொடி இருட்டு பதினெட்டு முறை வந்தால் நாடகம் துண்டுதுண்டாகிவிடும். முந்தைய காட்சியின் ஆட்கள் எழும்போதே அடுத்ததன் முதல் வரி தொடங்கட்டும்.

மக்கள் கூட்டத்தைக் காட்டுவதில்தான் பல தயாரிப்புகள் சறுக்குகின்றன. மூன்று நடிகர்களைப் பார்வையாளர் நடுவே வெவ்வேறு மூலைகளில் உட்கார வையுங்கள். மூவரும் ஒரே நேரத்தில் கத்தினால் வெறும் இரைச்சல்தான். ஒருவர் சொல்ல, அரை நொடி தள்ளி அடுத்தவர் பிடிக்க வேண்டும். முதல் அங்கத்தில் கைக்குட்டை வைத்திருந்த குற்றத்துக்காக ஓர் இளைஞனை விளக்குக் கம்பத்தில் தொங்கவிடப் பார்க்கிறார்கள். மேடையில் வேறு எதுவும் வெள்ளையாக இருக்கக் கூடாது, அந்தத் துணி மட்டும். மூன்றாம் அங்க முடிவில் டாண்டனை வாழ்த்திய கூட்டம், அவன் வீட்டையும் மதுவையும் பற்றிக் கேள்விப்பட்ட மாத்திரத்தில் ‘ஒழிக’ என்கிறது. வாழ்த்திய அதே மூன்று குரல்கள்தான் ஒழிக சொல்ல வேண்டும்.

தமிழில் போடுபவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: மேடைத் தமிழ் வேறு, வீட்டுப் பேச்சு வேறு. ரோபஸ்பியரின் ஜாக்கோபின் உரை, 1794 பிப்ரவரி 5-இல் அவர் உண்மையிலேயே ஆற்றிய உரையிலிருந்து எடுத்து நெய்தது. பொதுவில் பேசுவதை முழு மேடைத் தமிழிலும், டாண்டனும் ஜூலியும் பேசுவதை வீட்டுப் பேச்சிலும் வையுங்கள். நீதிமன்றத்தில் டாண்டன் முதன்முறையாக மேடைத் தமிழுக்கு ஏறும்போது, அவனும் ஒரு காலத்தில் இந்த ஆயுதத்தைச் சுழற்றியவன் என்பது காதிலேயே விளங்கும். எல்லாவற்றையும் ஒரே இலக்கிய நடையில் மொழிபெயர்த்தால் இது போய்விடும்.

மரணதண்டனைக்கு நாற்காலி போதும். லாக்ருவா போனதும் அவர் நாற்காலியைத் தலைகீழாக மேசைமேல் வையுங்கள். மரத்தில் மரம் படும் சத்தம் கேட்க வேண்டும். காமிலுக்கும் அப்படியே. டாண்டன் தன் நாற்காலியைத் தானே, சத்தமில்லாமல் வைக்கட்டும்.

நேரம் போதவில்லையென்று இரண்டாம் அங்கத்தில் காமில், லூசில் காட்சியை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அதை எடுத்தால் முடிவு உடைந்துவிடும். லூசில் கடைசியில் ‘மன்னர் வாழ்க’ என்கிறாள். அரசாட்சி மேல் ஆசைப்பட்டு அவள் அதைச் சொல்லவில்லை. காமிலிடம் போய்ச் சேர அவளுக்கு இருக்கும் ஒரே வழி அது. அலறக் கூடாது. யாரோ பெயர் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். ‘குடியரசின் பெயரால்!’ என்று காவலர் சொல்லி, அவளைச் சூழ்ந்து அழைத்துப் போய், மேசை மட்டும் மிஞ்சி ஐந்து நொடி ஆன பிறகுதான் விளக்கை அணைக்க வேண்டும்.